எரிச்சல் நின்றுவிட்டால் குணமாகிவிட்டதா?

ஹட்டன் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் நீரிழிவு கிளினிக் பார்க்கும் மருத்துவர், வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார்.

கேள்வி: டொக்டர் அம்மா, என் அம்மாவுக்கு 54 வயது. இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறார். ஆறு வருடமாகச் சீனி வருத்தம். முன்பெல்லாம் இரவில் இரண்டு பாதமும் நெருப்பில் வைத்ததுபோல் எரிகிறது என்று அழுவார். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டுதான் படுப்பார். இந்தத் தைப்பொங்கலுக்குப் பிறகு எரிச்சல் அடியோடு நின்றுவிட்டது. யாரோ கொடுத்த கஷாயம்தான் காரணம் என்று சொல்லிக் கிளினிக் மாத்திரையை நிறுத்திவிட்டார். கிளினிக் போனால் அன்றைய பேர் (நாட்சம்பளம்) போய்விடும், இப்போதுதான் சுகமாகிவிட்டதே என்கிறார். உண்மையாகவே குணமாகிவிட்டதா?
— பொகவந்தலாவையிலிருந்து ஒரு மகள்

பதில்: தங்கச்சி, எரிச்சல் நின்றுவிட்டது என்று நீங்கள் எழுதிய அந்த வரிதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. குணமாகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அம்மாவின் பாதம் மரத்துப்போயிருக்கிறது என்றே நினைக்கிறேன். இந்த வாரமே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

இரத்தத்தில் சீனி வருடக்கணக்காக ஏறியே நின்றால் முதலில் கெடுவது மயிரிழை போன்ற சின்ன இரத்தக் குழாய்கள். கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் அவை நிறைந்திருக்கின்றன. நரம்புகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவதும் அவைதான். அவை அடைபட அடைபட நரம்பு பட்டினி கிடக்கிறது. மிஞ்சிய சீனி நரம்பை நேராகவும் கெடுக்கிறது. உடம்பிலேயே மிக நீளமான நரம்பு இடுப்பிலிருந்து கால்விரல் நுனி வரை ஓடுவது. ஆகவே தொல்லை விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறது. அடிபட்ட நரம்பு ஆரம்பத்தில் காரணமே இல்லாமல் கத்தும். எரிச்சல், ஊசி குத்தல், எறும்பு ஊர்தல் எல்லாம் அந்தக் கத்தல்தான். கத்திக் கத்தி அது செத்துப்போனால் சத்தம் அடங்கிவிடும். அம்மா அதைச் சுகம் என்று நினைக்கிறார்.

சீனியைப் பல மாதம் நன்றாகக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்களுக்கும் எரிச்சல் குறைவது உண்டு. உங்கள் அம்மாவோ மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். அதனால் அந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

இன்றிரவே வீட்டில் ஒரு காரியம் செய்து பாருங்கள். அம்மாவைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரல் நுனியால் அவருடைய கால்விரல் நுனியை மெல்லத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தடவக் கூடாது, தட்டக் கூடாது. ஒன்றிரண்டு வினாடி பட்டால் போதும். வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், பிறகு இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், கடைசியாக இரண்டு காலின் நடுவிரல்கள். தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாதம் ஆபத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவர்கள் உண்டாக்கிய சோதனை இது. கிளினிக்கில் நாங்கள் தூண்டில் நூல் போன்ற ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அது வளையும்வரை அழுத்துவோம். வளையும்போது சரியாக 10 கிராம் அழுத்தம் விழும். அந்த இழை வீட்டில் இருக்காது, விரல் இருக்கிறது.

எரிச்சல் நின்ற கால் மரத்த காலாக இருக்கலாம் என்பதை நான் எங்கள் வீட்டு அடுப்படியில் தெரிந்துகொண்டேன். பேராதனையில் படித்துக்கொண்டிருந்த காலம், விடுமுறைக்கு வந்திருந்தேன். ஜூலை மழை விடாமல் அடித்த ஒரு மாலை. என் அம்மா மலையிலிருந்து நனைந்து வந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பலகையில் உட்கார்ந்து காலை அடுப்புப் பக்கம் நீட்டியிருந்தார். நான் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தேன். கோழி இறகைத் தீயில் காட்டினால் வருமே, அப்படி ஒரு வாடை வந்தது. ரொட்டி தீய்கிறது என்று கல்லைப் பார்த்தேன். கல்லில் இன்னும் ரொட்டியே போடவில்லை. திரும்பினால், அம்மாவின் வலது கால் பெருவிரல் ஒரு கொள்ளிக்கட்டையில் பட்டபடி இருக்கிறது. அம்மா பக்கத்து லயத்துக் கல்யாணத்தைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டே இருக்கிறார்.

அந்தப் புண் ஐந்து மாதம் ஆறவில்லை. இரண்டு விரலை எடுத்த பிறகே ஆறியது. அதற்கு முந்தைய வருடம் "கால் எரிச்சல் இப்போது இல்லை மகள்" என்று அம்மா சொன்னபோது நானும் உங்களைப் போலத்தான் சந்தோஷப்பட்டேன்.

மலையில் வேலை செய்கிறவர்களின் பாதத்துக்கு இங்கே தனியாகச் சில ஆபத்துகள் உண்டு. முதலாவது, அட்டை. கடிக்கும்போது வலி தெரியாமல் இருக்க அதுவே ஒரு பொருளைத் தோலுக்குள் விடுகிறது. இரத்தம் உறையாமல் இருக்க இன்னொன்றை விடுகிறது. நல்ல காலுக்கே கடி தெரியாது. மரத்த காலில் விரலிடுக்கில் கடித்த இடத்தை யாரும் பார்க்காமல் விட்டால், ஈரத்திலும் மண்ணிலும் அது புண்ணாகிச் சீழ் பிடிக்கும். சுண்ணாம்பையோ நெருப்புக் குச்சியையோ அங்கே வைக்க வேண்டாம், அதுவே இன்னொரு புண். நகத்தால் அட்டையின் வாயைப் பக்கவாட்டில் நெம்பி எடுத்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவித் துணியால் அழுத்திப் பிடியுங்கள். வெறுங்காலோடு மலைக்குப் போகவே கூடாது. குதிகாலையும் விரலையும் மூடுகிற சப்பாத்து வேண்டும். போடும் முன் அதைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுக் கல் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரத்த காலால் நாள் முழுக்க ஒரு கல்லின் மேல் நடந்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குளிருக்கு அடுப்பில் கால் காய வைப்பதும் சுடுதண்ணீர்ப் போத்தலைக் காலடியில் வைத்துப் படுப்பதும் இனி வேண்டாம். கம்பளிக் காலுறை போதும். கால் கழுவும் தண்ணீரின் சூட்டை முழங்கையால், அல்லது உங்கள் கையால் பாருங்கள். கழுவியபின் விரலிடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். குதிகால் வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவ வேண்டாம். இரவு படுக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் அம்மாவின் உள்ளங்காலை நீங்கள் பார்க்க வேண்டும், தினமும். சிவப்பு, கொப்புளம், நிறம் மாறிய நகம், துர்நாற்றம், எது இருந்தாலும் மறுநாள் காலை ஆஸ்பத்திரி. வலிக்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால், வலி வராது.

கஷாயத்தைப் பற்றி. மூலிகையை நான் இளக்காரமாக நினைக்கிறவள் இல்லை. சீனிக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரைக்கே மூலம் ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடிதான். பாகற்காயும் தெபு இலைச் சம்பலும் சாப்பாட்டோடு சாப்பிடட்டும். கொத்தலஹிம்புட்டு மரக்குவளையில் வைத்த தண்ணீரைக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கொடியின் சாரம் மாச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்துகிறது என்று ஆய்வுகளும் உண்டு. ஆனால் எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்று கஷாயத்தில் யாராலும் அளந்து சொல்ல முடியாது. மாத்திரையோடு சேர்ந்து சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடவும் கூடும். குடித்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், ஒளிக்காதீர்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைப்பவர்களால்தான் எங்களுக்குக் கணக்குப் பிழைக்கிறது.

ஒன்றை மட்டும் நீங்கள் டொக்டரிடம் மறக்காமல் கேட்க வேண்டும். மெட்ஃபோர்மினைப் பல வருடம் எடுப்பவர்களில் சிலருக்கு விற்றமின் பி12 குறைந்து, அதனாலும் கால் மரக்கும். அது மருந்தால் திருத்தக்கூடியது.

பேர் போய்விடும் என்று அம்மா சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். ஒரு நாள் சம்பளம் என்றால் என்ன என்று தெரிந்த வீட்டில் பிறந்தவள் நான். கிளினிக் திகதியைக் கங்காணியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சீனி ஓரளவு நிலையாகிவிட்டால், அடுத்த திகதியைத் தள்ளிப்போட முடியுமா, மருந்தைச் சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. கால் போனால் எத்தனை பேர் போகும் என்று அம்மாவிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். நான் சொன்னதாக இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறோம். உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு வருகிற வியாதி எங்களுக்கு எப்படி வருகிறது? ரொட்டியை விட்டுவிட வேண்டுமா?
— மஸ்கெலியா வாசகர்

பதில்: ஐயா, உழைப்பு பாதுகாப்புத்தான், ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. நம் தெற்காசிய உடம்பு மெலிந்து தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். அந்தக் கொழுப்பு இன்சுலினை வேலை செய்ய விடாது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது என்பது நமக்கான அளவு. இன்னொன்றும் இருக்கிறது, எழுதும்போதே மனது கனக்கிறது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையோடு பிறக்கும் பிள்ளைக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் ஆபத்து கூடுதல். கர்ப்பத்திலும் அரை வயிறோடு மலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள் நாம். அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரொட்டியை விட வேண்டாம். எத்தனை என்பதைப் பாருங்கள். கோதுமை மா வயிற்றுக்குள் போனால் சீனியாகத்தான் இரத்தத்தில் சேரும். மூன்று ரொட்டியும் கட்டைச் சம்பலும் என்றிருந்ததை ஒன்றரை ரொட்டி, ஒரு கிண்ணம் பருப்பு, ஒரு பிடி கீரை என்று மாற்றினால் வயிறும் நிறையும், சீனியும் ஒரேயடியாக ஏறாது. குரக்கன் மா கலப்பது நல்லது; ஆனால் குரக்கன் என்பதற்காக நாலு ரொட்டி சாப்பிட்டால் அதுவும் மாச்சத்துத்தான்.

ரொட்டியைவிட எனக்குக் கவலை பிளேன்டி, பால் இல்லாத தேநீர். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, நாளைக்கு ஆறு கோப்பை என்று வையுங்கள். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்றால் 48 கிராம், மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ சீனி. சுகமாக இருப்பவர்களுக்கே நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகமே காசு கொடுத்து வாங்கிக் குடிக்கும் தேயிலை நம் கையால் பறிப்பது. சீனி போடாமல் இரண்டு கிழமை குடித்துப் பாருங்கள், அதன் உண்மையான ருசி அப்போதுதான் நாக்குக்குத் தெரியும்.

கேள்வி: சீனிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டி கடித்துக்கொள்கிறேன். அது இயற்கையானது, சீனி வருத்தத்துக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னார்.
— பண்டாரவளை வாசகி

பதில்: இல்லை அக்கா. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சீனிச்சத்துத்தான், நிறமும் வாசமும் வேறு. கித்துள் பாணியும் தேனும் அப்படியே.

கேள்வி: காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் பிளேன்டியோடு ஓடுகிறேன். பத்து மணிவாக்கில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டுகிறது. ஒரு நாள் கொழுந்து நிரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரஷர் என்கிறார்கள்.
— தலவாக்கலை, கொழுந்து எடுக்கும் பெண்

பதில்: தங்கச்சி, இது சீனி குறைந்துபோவது. கூடினால் வருடக்கணக்கில் கெடுக்கும். குறைந்தால் சில நிமிடத்தில் ஆளை விழுத்தும். உங்கள் மாத்திரை எது என்று எழுதவில்லை. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்றவை இன்சுலினைப் பிழிந்து வெளியே விடுகிறவை. சாப்பிடாமல் போட்டால் இப்படித்தான் ஆகும். மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் இது அபூர்வம். கிளினிக் கொப்பியைக் காட்டி, நேரத்தையும் அளவையும் மாற்றித் தரச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரை போடும் நாளில் இரண்டு வாய் சாப்பிடாமல் லயத்தை விட்டு இறங்காதீர்கள்.

மூன்று தேக்கரண்டி சீனியைச் சின்னப் பொலித்தீனில் கட்டி முந்தானையிலோ இடுப்பில் கட்டும் படங்குக்குள்ளோ முடிந்து வையுங்கள். நடுக்கம் தொடங்கியதும் உட்கார்ந்து, அதைத் தண்ணீரில் கரைத்தோ அப்படியே வாயில் போட்டோ விழுங்குங்கள். கால் மணி நேரம் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும், இல்லையென்றால் திரும்பவும் இறங்கும். உங்கள் நிரையில் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு இதைச் சொல்லி வையுங்கள்: நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சு அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990 அம்புலன்சை அழைக்க வேண்டும், அது இலவசம்.

கேள்வி: அப்பாவுக்கு இன்சுலின் எழுதிவிட்டார்கள். அது கடைசிக் கட்டம் என்று அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். எங்கள் லயத்தில் ஃபிரிட்ஜும் இல்லை.
— அக்கரப்பத்தனை, மூத்த மகன்

பதில்: தம்பி, அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். 1922 ஜனவரியில் கனடாவின் டொரொன்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். லெனார்ட் தொம்ஸன் என்று பெயர். அதுவரை, இன்சுலினே சுரக்காத அந்த வகை நீரிழிவு வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில காலம் உயிரோடு வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. எலும்பும் தோலுமாகக் கிடந்த அந்தப் பையன் தேறி, இன்னும் பதின்மூன்று வருடம் வாழ்ந்தான். சாவைத் தள்ளிப்போட வந்த மருந்து இது. அப்பாவின் கணையம் பல வருடம் இழுத்துக் களைத்துவிட்டது. அது சுரக்க முடியாததை வெளியிலிருந்து கொடுக்கிறோம். சாப்பிடாமல் படுத்தபடி இன்சுலின் போட்டால் சீனி இறங்கி ஆபத்து, அதை முதலில் சொல்லிச் சாப்பிட வையுங்கள்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் நம் குளிர் உங்களுக்குத் துணை. பாவித்துக்கொண்டிருக்கும் போத்தலை 25 பாகைக்கு மேற்படாத இடத்தில் ஏறக்குறைய நாலு கிழமை வைக்கலாம். அக்கரப்பத்தனையில் அப்படி ஒரு மூலை கிடைக்கும், ஆனால் தகரக் கூரைக்கு அடியில் உள்ள தட்டும் அடுப்புச் சுவரும் யன்னல் வெயிலும் ஆகாது. இரண்டு மண்சட்டி எடுத்து, பெரியதற்குள் சின்னதை வைத்து, நடுவில் ஈரமணல் போட்டு, போத்தலை ஒரு டப்பாவில் மூடி உள்ளே வைத்து, மேலே ஈரத்துணி போடுங்கள். மணல் காயாமல் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். திறக்காத போத்தல்களுக்கு 2 முதல் 8 பாகை தேவை. தோட்ட டிஸ்பென்சரியிலோ தெரிந்த கடையிலோ ஃபிரிட்ஜில் வைக்கக் கேளுங்கள். உறைபெட்டியில் வைக்கவே கூடாது, ஒருமுறை உறைந்தால் வீண். தண்ணீர்போல் தெளிவாக இருக்க வேண்டிய வகை கலங்கினால் போடாதீர்கள். பால்போல் இருக்கும் வகையைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மெல்ல உருட்டிய பிறகு எடுங்கள்.

கேள்வி: இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது சீனி என்றார்கள். பிறந்ததும் போய்விட்டது. பிள்ளைக்கு இப்போது ஒன்பது மாதம். இனிப் பயமில்லைதானே?
— நோர்வூட் வாசகி

பதில்: போனது இப்போதைக்கு, தங்கச்சி. கர்ப்ப காலத்தில் சீனி ஏறியவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றத் தாய்மாரைவிடப் பல மடங்கு. பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் ஒரு பரிசோதனை செய்திருக்க வேண்டும். உங்களை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், பிள்ளையின் எடையைப் பார்க்கிற அவசரத்தில் தாயை மறந்துவிடுகிறோம். எங்களிடம் உள்ள குறை அது.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போகும் அன்றே கேளுங்கள். முதல் நாள் இரவு சாப்பிட்டபின் எட்டு மணி நேரமாவது தண்ணீரைத் தவிர வேறொன்றும் குடிக்காமல், பிளேன்டியும் இல்லாமல், காலையில் இரத்தம் கொடுக்க வேண்டும். சீனி டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நல்லது. 100 முதல் 125 வரை என்றால் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். சாப்பாடும் நடையும் இன்னும் காப்பாற்றும். 126ஐத் தொட்டால் இன்னொரு நாள் திரும்பப் பார்த்து உறுதி செய்வார்கள். எச்பிஏ1சி என்று ஒரு பரிசோதனையும் உண்டு. சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருப்பதால், அவற்றில் ஒட்டிய சீனியைக் கொண்டு கடந்த இரண்டு மூன்று மாதக் கதை தெரிந்துவிடும், அதில் 6.5 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் நீரிழிவு. ஆனால் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு இரத்தச்சோகை இருந்தால் அந்த எண் பிழையாகக் காட்டக்கூடும், அதனால் வெறும் வயிற்றுப் பரிசோதனையையே முதலில் கேளுங்கள். எண்ணைப் பிள்ளையின் அட்டையில் குறிக்க வேண்டாம், அது தொலைந்துவிடும். உங்கள் பெயரில் தனியாக ஒரு கொப்பி போட்டு, முதல் பக்கத்தில் திகதியோடு எழுதி வையுங்கள். அடுத்த வருடம் இதே மாதத்தில் இரண்டாவது வரி.